தேதி போட்டவர்

“ஆய்வு ஊக்குவிப்பு மையத்தின் ஒருங்கிணைப்பாளர் ஆய்வு முறையியலில் சிறப்புப் பயிற்சி பெற்றவர், தேசிய, பன்னாட்டு நிதி அமைப்புகளோடு நெருங்கிய தொடர்பு உடையவர். பேராசிரியர்களின் ஆய்வுத் திட்டங்களை அவை உருவாகும் நிலையிலேயே செம்மைப்படுத்தி, நிதியுதவி கிடைக்கும்வரை தம் வல்லுநர் குழுவுடன் உடனிருந்து வழிகாட்டுகிறார்.”

கொல்கத்தாவில் டாலிகஞ்சை ஒட்டி இருக்கும் நளினிபாலா நினைவுக் கல்லூரி, தன் தரத்தை மதிப்பிட வரவிருந்த குழுவுக்கு 2004 மார்ச்சில் ஓர் அறிக்கை அளித்தது. அதன் நாற்பத்தோராம் பக்கத்தில் இப்படி இருந்தது. அறிக்கை முழுவதையும் தட்டச்சு செய்தவர் கலியன். வேகமாகத் தட்டுகிறவர்கள் எதையும் படிப்பதில்லை. பிழை பார்க்க உட்கார்ந்தபோதுதான், தான் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கும் இடத்தில் இப்படி ஒரு ஆள் இருக்கும் விஷயம் அவருக்குத் தெரியவந்தது. எழுந்து போய்த் தலைமை எழுத்தரிடம், பெங்காலியில் அண்ணனைக் குறிக்கும் ‘தாதா’ போட்டுக் கேட்டார்; பெயரோடு சேர்ந்தால் அது வெறும் ‘தா’.

“இது யாரு தாதா?”

“அட, நீங்கதான் கலியன்தா. வேற யாரு?”

“வல்லுநர் குழுன்னு போட்டிருக்கே?”

“அதுவும் நீங்கதான்.”

கலியன் தன் மேசைக்குத் திரும்பி, அந்தப் பத்தியில் விடுபட்டிருந்த ஒரு காற்புள்ளியைப் போட்டுவிட்டு அச்சுக்குக் கொடுத்தார்.

அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து கொல்கத்தா துறைமுகத்துக்குக் கிரேன் ஓட்ட வந்தவரின் மகன். கிதர்ப்பூரில் துறைமுகக் குடியிருப்பில் வளர்ந்து, மாலைக் கல்லூரியில் பி.காம். படித்து, இரண்டாம் முயற்சியில் தேறி, 1978-ல் தட்டச்சராகச் சேர்ந்தவர். சிறப்புப் பயிற்சி என்று எதையாவது சொல்லியாக வேண்டுமென்றால் சுருக்கெழுத்தைச் சொல்லலாம். அதையும் பயன்படுத்த வாய்ப்பு வரவில்லை. அந்தக் கல்லூரியில் யாரும் சுருக்கமாகப் பேசியதில்லை. மையம் என்பது நூலகக் கதவுக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் நடுவில் கிடந்த ஒரு மேசை. மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முந்தின நாள் அதற்கு ஒரு பெயர்ப்பலகை வந்தது. வணிகவியல் துறையிலிருந்து இரண்டு கணினிகளும் வந்தன. குழு போன மறுநாள் கணினிகள் திரும்பிப் போயின. பலகையை மட்டும் யாரும் கேட்கவில்லை.

பன்னாட்டுத் தொடர்பு எதுவும் இல்லை. தேசியத் தொடர்பு ஒன்று இருந்தது. டில்லியில் குருமூர்த்தி என்று ஒரு பிரிவு உதவியாளர். பத்து வருஷமாக மாதத்துக்கு ஒரு முறை எஸ்.டி.டி.யில் பேசிக்கொள்வார்கள், நேரில் பார்த்ததில்லை. கல்லூரியில் கலியனின் பேச்செல்லாம் பெங்காலிதான். தமிழ் என்பது பெஹாலாவில் இருந்த வீட்டுக்கும் குருமூர்த்திக்கும் மட்டுமே உரியதாக இருந்தது.

குருமூர்த்தி வேலை பார்த்தது, ஆய்வுக்குப் பணம் தரும் ஓர் அமைப்பில். அதன் முழுப்பெயரைச் சொல்லும் பொறுமை கல்லூரியில் யாருக்கும் இல்லாததால் எல்லாரும் ‘டில்லி’ என்றே சொன்னார்கள். 1991-ல் டில்லியிலிருந்து முதல் விண்ணப்பப் படிவம் வந்தபோது, இது கல்விப் பிரிவின் வேலையா நிர்வாகத்தின் வேலையா என்று ஒன்பது நாள் தர்க்கம் நடந்தது. படிவம் மேசை மேசையாக நகர்ந்து, முடியாது என்று சொல்வதற்கு அலுப்புப்படும் ஒருவரின் மேசையில் வந்து நின்றது. கலியன் அதைத் தட்டி அனுப்பினார். திரும்பி வந்தது. அடுத்ததும் திரும்பி வந்தது. பேராசிரியர்கள் மனம் உடைந்து மறந்துபோனார்கள். கலியனோ மனம் உடையவும் இல்லை, மறக்கவும் இல்லை. திரும்பி வந்த காகிதங்களை ஒரு கோப்பில் போட்டுவைத்தார். பத்து வருஷத்தில், டில்லி ஏன் திருப்பி அனுப்புகிறது என்பதற்கு அவரிடம் பதினொரு காரணங்கள் சேர்ந்திருந்தன.

பதினொன்றில் ஒன்றுகூட ஆய்வைப் பற்றியது அல்ல. பிரதி குறைவு. வயதுச் சான்று இல்லை. துறைத் தலைவரின் கையெழுத்து இல்லை. ஒப்புதல் கடிதம் கல்லூரியின் பெயர் அச்சிட்ட தாளில் இல்லை. இணைத்த காகிதத்தின் தேதி முகப்புக் கடிதத்தின் தேதிக்குப் பிந்தியது. கடைசியில் சொன்னதைப் பற்றி டில்லி ஒரு முறை, ‘நாளை எழுதவிருக்கும் காகிதத்தை இன்றைய கடிதத்துடன் இணைத்தது எவ்வாறு?’ என்றே கேட்டிருந்தது. நியாயமான கேள்விதான். கலியன் அதை ஏழாவது காரணமாகக் குறித்துக்கொண்டார்.

“இந்த வருஷம் டில்லிக்கு என்ன பிடிக்குது கலியன்தா? சுற்றுச்சூழலா, மகளிர் முன்னேற்றமா?” என்று பேராசிரியர்கள் வந்து கேட்பார்கள்.

“வருஷா வருஷம் ஒண்ணுதான் சார் பிடிக்குது. அஞ்சு காப்பி.”

எந்த ஆய்வும் அவருக்குப் புரிந்ததில்லை. ஆனால் ஒரு விண்ணப்பம் திரும்பி வருமா வராதா என்பதைப் புரட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். கல்லூரியில் மற்ற எல்லாரின் நிலையும் இதற்கு நேர் எதிராக இருந்தது. அறிக்கையில் இருந்த அந்த ஒருங்கிணைப்பாளர் உண்மையிலேயே வந்து உட்கார்ந்திருந்தால், ஒரு விண்ணப்பமும் டில்லியைத் தாண்டியிருக்காது.

எதையும் திருத்திச் சொல்வதில் அவருக்கு ஆர்வம் கிடையாது. சேர்ந்த வருஷம் நடந்த விருந்தில், தென்னாட்டவர் என்றால் சைவம்தானே என்று யாரோ அவர் இலையில் மட்டும் மீனுக்குப் பதில் பனீர் வைத்தார்கள். கலியன் வீட்டில் வாரத்தில் ஐந்து நாள் மீன். அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வருஷம் சொல்லியிருந்தால் போன வருஷம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். இருபத்தாறு வருஷம் பனீர் சாப்பிட்டார்.

டில்லியின் நாட்காட்டிக்கும் வங்காளத்தின் நாட்காட்டிக்கும் ஒரு தீராத தகராறு உண்டு. டில்லி தன் கடைசித் தேதிகளை அக்டோபர் மாதத்தில் வைக்கும். கொல்கத்தாவில் துர்கா பூஜைக்கு மூடும் கல்லூரி, காளி பூஜையும் முடிந்து, அக்காள் தங்கைகள் சகோதரர்களின் நெற்றியில் பொட்டு வைக்கும் நாளும் கழிந்த பிறகே திறக்கும். ஏறக்குறைய ஒரு மாதம். அந்த மாதத்தில் முதல்வரின் கையெழுத்தைப் பெறுவது துர்கையிடம் வரம் பெறுவதைவிடக் கஷ்டம். துர்கையாவது குறிப்பிட்ட பந்தலில் ஐந்து நாள் இருப்பாள்.

இதற்குக் கலியன் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கடைசி வேலைநாளன்று, கல்லூரியின் பெயர் அச்சிட்ட ஐந்து வெற்றுத்தாள்களில் முதல்வரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்வார். கடிதங்கள் அனுப்பும் பதிவேட்டில் ஐந்து வரிகளைப் பென்சிலால் வளைத்துக் காலியாக விடுவார். விடுமுறையில் எந்தப் பேராசிரியர் விண்ணப்பத்தோடு வந்தாலும் வெற்றுத்தாளில் ஒப்புதல் கடிதத்தைத் தட்டி, காலி எண்களில் ஒன்றைப் போட்டு, விரைவுத் தபாலில் சேர்த்துவிடுவார். மிஞ்சும் தாள்களைக் கல்லூரி திறந்ததும் முதல்வரிடமே திருப்பிக் கொடுப்பார். இது விதிக்கு விரோதம் என்று எல்லாருக்கும் தெரியும். விதிப்படி நடந்தால் ஒன்றும் நடக்காது என்பதும் தெரியும். பதிமூன்று வருஷத்தில் மூன்று முதல்வர்கள் இப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மூவரும் போடும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டதாகக் கலியன் பிற்பாடு சொன்னார்.

2004 அக்டோபர் முதல் வாரத்தில் விலங்கியல் விரிவுரையாளர் சஹானா மஜும்தார் அவர் மேசைக்கு வந்தார். முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட ஆசிரியர்களுக்கு டில்லி ஒரு திட்டம் அறிவித்திருந்தது. அக்டோபர் இருபத்தொன்பதுக்குள் விண்ணப்பம் டில்லியில் இருக்க வேண்டும்.

“டிசம்பர் ஒன்பதாம் தேதி எனக்கு முப்பத்தஞ்சு முடியுது கலியன்தா. இதை விட்டா இல்ல.”

“போன வருஷமே போட்டிருக்கலாமே மேடம்?”

“போட்டேனே! நீங்கதான் அனுப்பாம நிறுத்தி வெச்சீங்க. துறைத் தலைவர் கையெழுத்துப் போடாம பொண்ணு கல்யாணத்துக்குப் போயிட்டார்.”

கலியனுக்கு நினைவு வந்தது. நான்காவது காரணம்.

நகரத்துச் சாக்கடை நீர் கிழக்கே போய்ச் சேரும் ஏரிகளில் மீன் வளர்க்கிறார்கள். நகரம் அதையே வாங்கித் தின்கிறது. அந்த மீனின் உடம்பில் என்னென்ன உலோகம் எவ்வளவு சேர்கிறது என்பதுதான் சஹானாவின் கேள்வி. இரண்டு வருஷமாக, வாரம் இருபத்திரண்டு மணி நேரம் வகுப்பும் எடுத்துக்கொண்டு, மீன்களைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து, கல்லூரியின் ஒரே குளிர்ப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர்கள் அவரைக் கண்டால் நிறுத்துவதில்லை. அளந்து பார்க்கக் கருவி இல்லை. டில்லி பணம் கொடுத்தால் கருவி வரும். கொடுக்காவிட்டால் குளிர்ப்பெட்டியைக் காலி செய்ய வேண்டியதுதான். அதில் தண்ணீர் பாட்டில் வைக்க இடமில்லை என்று ஆசிரியர் மன்றம் ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது.

அக்டோபர் பதினாறு, சனிக்கிழமை, கடைசி வேலைநாள். கலியன் வழக்கப்படி ஐந்து தாள்களோடு முதல்வர் பினயேந்திர லாஹிரியின் அறைக்குப் போனார். வரலாற்றுப் பேராசிரியரான லாஹிரி ஜன்னலைப் பார்த்தபடி ஐந்திலும் கையெழுத்திட்டார்.

“பூஜைக்கு இங்கதானே சார் இருப்பீங்க?”

“வேற எங்க போறது கலியன்பாபு? இந்த வயசுல!”

நான்கு நாள் கழித்து அவர் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். மகள் நியூ ஜெர்சியில் இருந்தாள்.

இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. கொல்கத்தாவில் ஒருவர் அமெரிக்கா போகிறார் என்று தெரிந்தால், அங்கே மகனோ மகளோ மருமகனோ உள்ள எல்லாரும் ஒரு பொட்டலத்தோடு வந்துவிடுவார்கள். மாங்காய் ஊறுகாய், சந்தேஷ் இனிப்பு, பூஜை மலர் என்று செங்கல் கனத்துக்கு வரும் பத்திரிகைகள், அரைக்கிலோ பெருஞ்சீரகம். முந்தைய பயணத்தில் லாஹிரி தன் சட்டைகளை வீட்டில் விட்டுவிட்டு வேதியியல் துறையின் ஊறுகாயோடு போய் இறங்கினார். அதனால் இந்த முறை யாரிடமும் மூச்சு விடவில்லை. விடுப்பு விண்ணப்பத்தை நிர்வாகக் குழுத் தலைவரிடம் கையோடு கொடுத்து, பொறுப்பைத் தத்துவத் துறைப் பேராசிரியையிடம் ஒப்படைத்து, அவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். தத்துவப் பேராசிரியைக்கு அமெரிக்காவில் உறவினர் இல்லை. அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணமும் இல்லை.

சஹானாவுக்குக் கருவிக் கம்பெனியிலிருந்து விலைப்புள்ளி வந்தது அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி, துர்கா பூஜை முடிந்த பிறகு. மறுநாள் காலை அவர் ஐந்து பிரதிகளோடு பெஹாலாவுக்கு, கலியனின் வீட்டுக்கே வந்துவிட்டார். ஹவுராவில் பதினொரு மணிக்கு துர்காப்பூர் ரயில். கணவர் அங்கே உருக்காலையில் இருந்தார். கலியனின் மனைவி விஜயா காபி கொடுத்தார். சமையலறையிலிருந்து வாசனை வந்தது. சஹானா கோப்பையைக் கீழே வைத்தார்.

“கலியன்தா, உங்க வீட்டுல மீன் உண்டா?”

“உண்டு மேடம்.”

“இத்தனை வருஷம் விருந்துல பனீரைச் சாப்பிட்டீங்களே!”

“யாரும் கேக்கல.”

சஹானா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று தொழில் வந்துவிட்டது. “எங்க வாங்குனது? எந்த ஏரி மீன்னு கேட்டீங்களா?”

விஜயாவுக்குப் பெங்காலி நன்றாகவே புரியும். ஆனாலும் கணவரிடம் தமிழில், “இதையும் தின்னக் கூடாதுன்னு சொல்லத்தான் அந்தம்மா வந்திருக்காங்களா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

சஹானா ரயிலுக்குக் கிளம்பிய பிறகு, கலியன் வெற்றுத்தாள் ஒன்றை எடுத்துப் பழைய தட்டச்சுப் பொறியில் மாட்டி ஒப்புதல் கடிதத்தை அடித்தார். தேதிக்கு வந்ததும் கை நின்றது. முதல்வர் கையெழுத்துப் போட்டது பதினாறாம் தேதி. விலைப்புள்ளியின் தேதி இருபத்தைந்து. பதினாறு என்று போட்டால் ஏழாவது காரணம் வந்துவிடும். இருபத்தாறு என்று போட்டார். பதின்மூன்று வருஷ அனுபவம் அப்படித்தான் செய்யச் சொன்னது. அனுபவம் இல்லாத ஒருவர் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்.

அதே இருபத்தாறாம் தேதி, தத்துவப் பேராசிரியை தன் வீட்டிலிருந்து அதே டில்லி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு கருத்தரங்குக்குப் போய்வரும் செலவு பற்றியது. ‘முதல்வர் இருபதாம் தேதி முதல் விடுப்பில் வெளிநாடு சென்றிருப்பதால், பொறுப்பு முதல்வராகிய நான்’ என்று அது ஆரம்பித்தது.

டிசம்பர் ஒன்பது வந்து போனது. சஹானாவுக்கு முப்பத்தைந்து முடிந்தது. டிசம்பர் இருபத்தெட்டில் டில்லியிலிருந்து முதல்வருக்குக் கடிதம் வந்தது. அக்டோபர் இருபத்தாறாம் தேதி இக்கல்லூரியின் தலைவர் யார்? வெளிநாட்டில் இருந்த முதல்வர் அன்றைய தேதியிட்ட ஒப்புதலில் கையெழுத்திட்டது எவ்வாறு? பதினைந்து நாளுக்குள் விளக்கம் வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படும்.

கலியன் குருமூர்த்தியைக் கூப்பிட்டார்.

“என்ன கலியன் சார், உங்க காலேஜ் என்ன ராவணனா? எத்தனை தலை?”

“ஒண்ணுதாங்க. அது அமெரிக்காவுல இருந்துச்சு, எனக்குத் தெரியாமப் போச்சு.”

“ரெண்டு கடுதாசியும் ஒரே நாள், ஒரே கட்டுல வந்து என் மேசையில உக்காந்துடுத்து. நான் பார்க்காம விட்டிருப்பேன். புதுசா வந்த அதிகாரி பார்த்துட்டார். அவர் எல்லாத்தையும் படிக்கிறார் சார், என்ன பண்றது?”

“மீன் பத்தின அந்த விண்ணப்பம் எப்படியிருக்கு?”

“அதுதான் வயித்தெரிச்சல். நிபுணர் குழு முதல் மூணுல வெச்சிருக்கு. கையெழுத்து யாரோ போட்டதுன்னு ஆச்சுன்னா, அந்தப் பொண்ணு பேரைக் கறுப்புப் பட்டியல்ல போட்டுடுவா. அப்புறம் எங்கேயும் கேக்க முடியாது. யாராவது நடந்ததை நடந்தபடி எழுதுங்கோ.”

நடந்ததை நடந்தபடி எழுதும் பழக்கம் கல்லூரியில் இல்லை. மறுநாள் முதல்வர் கலியனைக் கூப்பிட்டு, தன் கையால் எழுதிய பதிலைத் தட்டச் சொன்னார். ‘மேற்படி தேதியில் நான் அயல்நாட்டில் இருந்தேன். அன்றைய தினம் எந்தக் கடிதத்திலும் நான் கையெழுத்திடவில்லை. மேற்படி விண்ணப்பம் அனுப்பப்பட்டது என் கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை.’ மூன்று வாக்கியம். ஒவ்வொன்றும் உண்மை. மூன்றையும் சேர்த்துப் படித்தால் சஹானா மஜும்தார் கள்ளக் கையெழுத்துப் போட்டவர் ஆகிவிடுவார்.

“சார், இது மேடத்து மேல போய் விழும்.”

“நான் யார் பேரையும் சொல்லலையே கலியன்பாபு.”

“அதனாலதான் சார் விழும்.”

“அவ சின்ன வயசு. வேற திட்டம் வரும்.” லாஹிரி குரலைத் தாழ்த்தினார். “வெற்றுத்தாள்ல கையெழுத்துப் போட்டேன்னு என்னால எழுத முடியுமா, சொல்லுங்க? ரெண்டு வருஷத்துல நான் ரிட்டயர்.”

“எனக்கு ஒன்றரை வருஷம் சார்.”

அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கலியன் காகிதத்தை வாங்கி வந்தார். தட்டவில்லை. நாலு நாள் அது மேசையிலேயே கிடந்தது. முதல்வர் கேட்டபோதெல்லாம் ஆகிவிடும் என்ற பொருளில், “ஹோயே ஜாபே” என்றார். நளினிபாலா கல்லூரியில் அந்தச் சொல்லுக்குமேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

விஷயம் சஹானாவுக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் வந்து மேசையருகே நின்றார். அழுவார் என்று கலியன் பயந்திருந்தார். அவர் அழவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது.

“அந்தக் கையெழுத்தை எப்ப வாங்கினீங்க கலியன்தா?”

“பூஜைக்கு முன்னாடியே வாங்கினது மேடம். தேதி மட்டும் நான் போட்டேன்.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“யாருக்கும் சொல்றதில்ல மேடம். சொன்னா நீங்களும் அதுல சேர்ந்துடுவீங்க.”

சஹானா பெயர்ப்பலகையைப் பார்த்தார். “குளிர்ப்பெட்டியை வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க. முந்நூத்திப் பன்னெண்டு மீன் இருக்கு. எங்க போடறதுன்னு தெரியல,” என்றார். வகுப்புக்குப் போனார்.

அன்று மாலை வீட்டில் கலியன் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். விஜயா விஷயத்தை முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

“நீங்கதான் தேதி போட்டீங்கன்னு எழுதிக் கொடுத்தா என்ன பண்ணுவாங்க?”

“விளக்கம் கேப்பாங்க. சம்பள உயர்வை நிறுத்தலாம். முதல்வருக்குக் கோவம் வந்தா விசாரணைன்னு வெச்சு, பென்ஷன் காகிதத்தை இழுத்தடிக்கலாம்.”

“எழுதலைன்னா?”

“எனக்கு ஒண்ணுமில்ல.”

விஜயா வெங்காயம் உரித்தார். “அந்தம்மா சொன்னதுலேருந்து நானும் மீன்காரன்கிட்ட எந்த ஏரி, எந்த ஏரின்னு கேட்டுக் கேட்டு அவன் என்னைப் பாத்தாலே கூடையைத் தூக்கிட்டு ஓடறான். யாராவது அளந்து சொன்னாத் தேவல. எழுதுறதுன்னா எழுதுங்க. ஆனா நகல் எடுத்து வெச்சுக்கிட்டு எழுதுங்க. வீர வசனமெல்லாம் வேணாம்.”

வீர வசனம் கலியனுக்கு வராது. ஒரு பக்கக் கடிதம் தட்டினார். அக்டோபர் பதினாறாம் தேதி, முதல்வர் விடுப்பில் செல்லுமுன்னரே, ஒப்புதலுக்கான அவர் கையெழுத்து பெறப்பட்டது. அவர் பயணம் போகவிருப்பது எனக்குத் தெரியாது. இணைப்பில் இருந்த விலைப்புள்ளியின் தேதிக்குப் பொருந்தும்படி, கடிதத்தில் இருபத்தாறு என்று தேதியிட்டவன் நான். இது முதல்வருக்கும் தெரியாது, விண்ணப்பதாரருக்கும் தெரியாது. அவ்வளவுதான். முதல்வர் கையெழுத்திட்டபோது தாள் வெறுமையாக இருந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. லாஹிரி எழுதியதைப் போலவே இதிலும் ஒவ்வொரு வாக்கியமும் உண்மை, ஒரு விஷயம் மட்டும் விடுபட்டிருந்தது. விடுபட்டது யாரைக் காப்பாற்றுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஆனால் கல்லூரி எழுத்தர் டில்லிக்கு நேராக எழுத முடியாது. முதல்வர் மேலொப்பமிட்டு அனுப்ப வேண்டும். கலியன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனார். லாஹிரி படித்தார். மறுபடி படித்தார்.

“இது உங்களுக்கு நல்லதில்ல கலியன்பாபு.”

“தெரியும் சார்.”

“நான் எழுதினதையே அனுப்பலாம். எதுக்கு வம்பு?”

கலியன் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வந்ததோடு வந்ததாக இன்னொரு வேலையையும் முடித்துவிட நினைத்துக் கோப்பைத் திறந்தார். கல்லூரி நவம்பரிலேயே திறந்துவிட்டது. மிஞ்சிய தாள்களைத் திருப்பிக் கொடுக்க இவ்வளவு நாள் மறந்திருந்தார். நான்கு தாள்களையும் மேசைமேல் வைத்தார். வெள்ளை வெளேரென்று இருந்த நான்கின் அடியிலும் பினயேந்திர லாஹிரியின் கையெழுத்து, முத்திரையோடு.

“மிச்சம் நாலு சார். எப்பவும்போல.”

முதல்வர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இது மிரட்டல் என்று அவர் எடுத்துக்கொண்டார். மிரட்டல் என்று அவர் எடுத்துக்கொண்டது கலியனுக்கு வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை தெரியாது. விஜயா சொன்ன பிறகுதான் தெரிந்தது. அறையில் நடந்தது, லாஹிரி நான்கு தாள்களையும் இழுப்பறையில் போட்டுப் பூட்டி, கலியனின் கடிதத்தை மறுபடி எடுத்து, மேலொப்பமிட்டார் என்பதுதான். இந்தத் தடவை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

மார்ச் கடைசியில் சஹானாவின் திட்டத்துக்கு ஒப்புதல் வந்தது, கேட்டதில் கால் பங்கு குறைத்து. குளிர்ப்பெட்டி தப்பித்தது, தண்ணீர் பாட்டிலுக்கு ஆசிரியர் மன்றம் வேறு ஏற்பாடு செய்துகொண்டது. கலியனுக்கு ஒரு வருஷச் சம்பள உயர்வு நின்றது. பணிப்பதிவேட்டில் ‘கவனக்குறைவு’ என்று ஒரு வரி ஏறியது. அந்த வரியைத் தட்டச் சொல்லி அவரிடமே கொடுத்தார்கள், தட்டிக் கொடுத்தார். லாஹிரி அதற்குப் பிறகு எந்த வெற்றுத்தாளிலும் கையெழுத்திட மறுத்துவிட்டார். அது முறையும்கூட. அடுத்த பூஜை விடுமுறையில் ஒரு விண்ணப்பமும் டில்லிக்குப் போகவில்லை. இயற்பியல் துறையில் இருவர் வாய்ப்பை இழந்தார்கள். ஆய்வு ஊக்குவிப்பு மையம் முன்போல் சுறுசுறுப்பாக இல்லை என்று ஆசிரியர் மன்றத்தில் பேசினார்கள். கலியன் அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பையும் தட்டினார்.

2006 ஜூனில் ஓய்வு பெற்றபோது நடந்த விருந்தில் ஆறு பேர் பேசினார்கள். ஆய்வுப் பண்பாடு, அர்ப்பணிப்பு, தென்னாட்டுக் கட்டுப்பாடு என்றெல்லாம் சொன்னார்கள். சஹானா பேசவில்லை, ஏரிக்குப் போயிருந்தார். நடந்தது என்னவென்று ஆறு பேருக்கும் சரியாகத் தெரியாது, தெரிந்த கலியன் திருத்திச் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: 2005 ஜனவரி ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை, ஒப்புதல் கடிதத்தில் தேதி போட்டது தான்தான் என்று கலியன் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு, விரைவுத் தபாலில் டில்லிக்கு அனுப்பினார்.